பகல்ல சோலார் கரன்ட் மலிவு... ராத்திரி ஏசி பில் மட்டும் ஏன் எகிறுது? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசிகளுக்கு ஒரு விளக்கம்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு இ.பி. பில் 1,805 ரூபாய். அதே வீட்டில் 510 யூனிட் ஓடினால்? 2,124 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதல். யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 32 ரூபாய்!

2024 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டண அட்டவணையை வைத்துப் போட்ட கணக்கு இது. மே மாதம் முடிந்து பில் மெசேஜ் வந்ததும், "மீட்டர்ல ஏதோ கோளாறு" என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை ஆரம்பிப்பதற்குப் பல நேரம் காரணம் இந்த 500 யூனிட் கோடுதான். மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கும்.

இன்னொரு பக்கம், "சூரிய மின்சாரம் யூனிட் 3 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது", "காற்றாலையில் தமிழ்நாடு முன்னணி" என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படியென்றால் அந்த மலிவு ஏன் நம்ம வீட்டு பில்லுக்கு வரவில்லை? விடை பேனலிலோ காற்றாடியிலோ இல்லை. அங்கிருந்து உங்கள் ஸ்விட்ச்போர்டு வரை வரும் கம்பியிலும், கரன்ட் தேவைப்படும் நேரத்திலும், இந்த இரண்டுக்கும் யார் காசு கொடுக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

முதலில் பில் கணக்கைப் புரிந்துகொள்வோம்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2024 அட்டவணைப்படி முதல் 100 யூனிட் இலவசம். 2016-ல் வந்த சலுகை இது. ஓலைக்குடிசைக்கும் உண்டு, போட் கிளப் பங்களாவுக்கும் உண்டு.

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. அதன்பின் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 101-லிருந்தே ரூ.4.70 கணக்கு. அதற்கு மேல் 501-600 வரை ரூ.8.40, 601-800 வரை ரூ.9.45, 801-1000 வரை ரூ.10.50, ஆயிரத்துக்கு மேல் ரூ.11.55.

ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். இரவு 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 60 நாளுக்கு 480 யூனிட். ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் அதற்கு மேல். அதாவது, ஒரே ஒரு பெட்ரூம் ஏசி போதும், ஒரு நடுத்தரக் குடும்பத்தை 500 கோட்டைத் தாண்ட வைக்க.

2014-க்குப் பிறகு கட்டணம் உயராமலே இருந்து, 2022 செப்டம்பரில் ஒரேயடியாக உயர்ந்தது. அப்போதிலிருந்து ஆண்டுதோறும் ஜூலையில் பணவீக்கத்தை ஒட்டி உயர்த்தும் முறை வந்தது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் 4.83 சதவீத உயர்வு வீடுகளுக்கும் வந்தது. 'அரசே ஏற்றது' என்றால் அந்தச் செலவு மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வரிப்பணத்திலிருந்து மானியமாக மின்வாரியத்துக்குப் போகிறது. ஒரு பாக்கெட்டிலிருந்து எடுக்காமல் இன்னொரு பாக்கெட்டிலிருந்து எடுப்பதுதான்.

சோலார் விலை விழுந்தது உண்மை. அப்புறம் என்ன பிரச்சினை?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் வந்தபோது ஒப்பந்த விலை யூனிட்டுக்கு ரூ.7.01. அடுத்த வருடமே, 2017-ல், தமிழ்நாட்டின் டெண்டரில் விலை ரூ.3.47-க்கு இறங்கியது. 2020-ல் நாட்டின் சில ஏலங்களில் 2 ரூபாய் வரை போனது.

ஆனால் கரன்டின் விலையை அது கிடைக்கும் நேரமும் தீர்மானிக்கிறது. மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முகூர்த்த நாள் காலையில் மல்லிக்குக் கேட்ட விலை கிடைக்கும். வெறும் நாளில், மிஞ்சிய பூவை ராத்திரி கூறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கரன்ட் அதைவிட மோசம்: பூவையாவது ஒரு ராத்திரி ஈரத்துணியில் வைக்கலாம். மின்சாரத்தை உற்பத்தியாகும் அதே நொடியில் யாராவது பயன்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் பேட்டரியோ நீர்த்தேக்கமோ வேண்டும்.

இந்திய மின்சந்தையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 2025 மே மாதத்தில், தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், உடனடிச் சந்தை விலை பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்தது. சூரியன் இறங்கிய பிறகு நிலைமை தலைகீழ். தேவை ஏறும் மாலைகளில் விலை, அரசு விதித்த உச்சவரம்பான யூனிட் 10 ரூபாயைத் தொட்டுவிடும்.

காற்றுக்கும் ஒரு காலம் உண்டு. ஆரல்வாய்மொழி, பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரைதான் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் சீசன். நன்றாக வீசும் நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். சீசன் முடிந்தால் அதே காற்றாடிகள் சும்மா நிற்கும்.

2024-ல் தமிழ்நாட்டின் மின்தேவை உச்சம் தொட்ட நாள் மே 2. அன்று 20,830 மெகாவாட். சென்னையின் குடியிருப்புப் பகுதிகளில் கோடை லோடு ஏறுவது பெரும்பாலும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஏசி போடும் நேரத்தில். பேனல்கள் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பகலில் எவ்வளவு மலிவு கரன்ட் வந்தாலும், ராத்திரிக்கென்று அனல் மின்நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அவற்றுக்கு நிலையான செலவு உண்டு. ஓடினாலும் கொடுக்க வேண்டும், ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டும். பழைய கடனுக்கு வட்டி வேறு. மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் பல வருடமாகிறது.

உங்கள் பில் இவை எல்லாவற்றின் சராசரி. அதில் சோலார் ஒரு பங்குதான்.

அடையாறு ஏசிக்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது?

சென்னை எரிக்கும் மின்சாரத்தில் நகருக்குள்ளேயே தயாராவது கொஞ்சம்தான். ஒருபக்கம் எண்ணூர்-அத்திப்பட்டு-வல்லூர் பகுதியின் நிலக்கரி நிலையங்கள், இன்னொரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம், தூரத்தில் நெய்வேலி, கூடங்குளம், தெற்கு மாவட்டக் காற்றாலைகள். வடமாநில மின்சாரத்தைக் கொண்டுவர, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் திறன் கொண்ட நேர்மின்னோட்டத் தடமும் இருக்கிறது.

எண்ணூர் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தென்சென்னை குளிர்வதற்கு எரியும் நிலக்கரியின் சாம்பல் வடசென்னையின் கழிமுகத்தில்தான் சேர்கிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றிய பேச்சு பில்லோடு முடிந்துவிடக் கூடாது என்பதற்கு அந்த ஊர் மீனவர்களின் வலையே சாட்சி.

இந்த மின்சாரம் 400 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் உயரழுத்தத் தடங்களில் நகரத்தின் விளிம்புக்கு வருகிறது. அங்கே படிப்படியாக 110, 33, 11 கிலோவோல்ட் என்று இறங்குகிறது. கடைசியில் உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், பிளாட்ஃபார்மில் நிற்கும் பில்லர் பாக்ஸ், அப்புறம் உங்கள் மீட்டர். உயரழுத்தத் தடங்களைக் கவனிப்பது டான்டிரான்ஸ்கோ. தெருவுக்குள் வந்த பிறகு கவனிப்பது, 2024-ல் டான்ஜெட்கோவைப் பிரித்தபோது உருவான தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம். அதே சமயத்தில் பசுமை மின்சாரத்துக்கென்றும் தனிக் கழகம் வந்தது. நமக்கு எல்லாமே இன்னும் 'இ.பி.'தான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2024 செப்டம்பர் 12 இரவு சென்னை பார்த்தது. மணலி துணை மின்நிலையத்தில் தீ. இரவு பத்து மணி வாக்கில் நகரின் பல பகுதிகள் ஒரே சமயத்தில் இருண்டன. வடக்கே நடந்த கோளாறுக்கு மத்திய, தென்சென்னையிலும் மக்கள் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் வந்து நின்றார்கள். மாற்றுப் பாதைகளில் மின்சாரத்தைத் திருப்பி, நள்ளிரவு தாண்டித்தான் முழுமையாகச் சீரானது. அன்று கரன்டுக்குப் பஞ்சம் இல்லை. கொண்டுவரும் வழிதான் அடைபட்டது.

உலகத்திலும் இதே பாடம்தான். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டன. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போனதே முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போய், கட்டமைப்பையும் அதன் கட்டுப்பாட்டையும் பின்தங்க விட்டால் விலை கொடுக்க வேண்டிவரும்.

மண்ணுக்கடியில் இருப்பவர்களும், கம்பத்தில் தொங்குபவர்களும்

2016 டிசம்பர் 12. வர்தா புயல். சாய்ந்த மரங்களோடு ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்தன. அந்த வாரம் சென்னை இரண்டாகப் பிரிந்தது: கேபிள் மண்ணுக்கடியில் போகும் பழைய நகரப் பகுதிகளுக்குச் சீக்கிரம் கரன்ட் வந்தது. கம்பங்களை நம்பியிருந்த புறநகர்கள் பல நாள் இருட்டில் இருந்தன.

பழைய மெட்ராஸில் மின் விநியோகம் 'மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன்' என்ற தனியார் நிறுவனத்தின் கையில் தொடங்கியது. 1947-ல் அரசு எடுத்துக்கொண்டது. நகரின் மையப்பகுதியில் நிலத்தடி கேபிள் என்ற வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. புறநகரை நோக்கிப் போகப் போக கம்பங்கள் அதிகம். அவற்றையும் மண்ணுக்கடியில் மாற்றும் பணி வருடக்கணக்காக நடந்துவருகிறது. கம்பத்தில் கம்பி இழுப்பதைவிட கேபிள் புதைப்பது பல மடங்கு செலவு. ரோட்டைத் தோண்ட மாநகராட்சி அனுமதி வேண்டும். மெட்ரோ வேலை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், இன்டர்நெட் கேபிள் எல்லாம் அதே மண்ணுக்குள் இடம் கேட்கும்.

மண்ணுக்கடியில் போட்டாலே தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கேபிளில் பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியாது. இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட வேண்டும். வெள்ளம் வந்தால் பில்லர் பாக்ஸ் முழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வடியும்வரை பல இடங்களில் பாதுகாப்புக்காகவே மின்சாரத்தை நிறுத்திவைத்தார்கள். அதனால்தான் தாழ்வான தெருக்களில் பில்லர் பாக்ஸ்களை உயர்த்தி வைக்கிறார்கள்.

தெருக்களில் பச்சை, சாம்பல் நிறப் பெட்டிகளாக நிற்கும் 'ரிங் மெயின் யூனிட்' இன்னொரு முன்னேற்றம். பழைய முறையில் ஒரு கேபிள் போனால் அந்த வரிசையே இருட்டு. ரிங் முறையில் கேபிள் வளையம் மாதிரி சுற்றிவருகிறது. ஓரிடத்தில் பழுது என்றால் அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற வீடுகளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கரன்ட் கொடுக்கலாம். ரங்கநாதன் தெருவில் கூட்டம் அடைத்துக்கொண்டால் உஸ்மான் ரோடு பக்கமாகச் சுற்றிப் போவது மாதிரி.

இருந்தும் ஒரு அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. அடையாறு காந்தி நகரிலும் கஸ்தூரிபா நகரிலும் தோட்டத்தோடு இருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாக மாறுகின்றன. ஒரு மீட்டர் இருந்த மனையில் எட்டு, பத்து மீட்டர்கள். ஒரு கணக்குக்கு: ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 500 கிலோவோல்ட்-ஆம்பியர். அதன் கீழ் 200 வீடுகள். வீட்டுக்கு இரண்டு ஏசி வீதம் ஒரே நேரத்தில் ஓடினாலே 500-ஐ நெருங்கிவிடும். அதற்கு மேல் லிஃப்ட், மோட்டார், கார் சார்ஜர். ராத்திரி பதினோரு மணிக்கு "டப்" என்று சத்தம் கேட்டு ஃப்யூஸ் போவதன் பின்னணி இதுதான்.

தி.நகரின் ஸ்மார்ட் மீட்டர் பாடம்

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்த அதே ஸ்மார்ட் சிட்டி காலத்தில், தி.நகர் இன்னொரு சோதனைக்கும் களமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டது. கணக்கெடுக்க ஆள் வர வேண்டாம். மீட்டரே அளவை அனுப்பும். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பதும் பதிவாகும்.

இந்த 'எந்த நேரத்தில்' என்பதுதான் முக்கியம். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் இது சாத்தியமில்லை. தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலை இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் ஏற்கெனவே உண்டு. 2024 கட்டண அட்டவணையில் வீடுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. பகல் 12 மணிக்கு வாஷிங் மெஷின் போட்டாலும் ராத்திரி 9 மணிக்குப் போட்டாலும் ஒரே விலை.

மாதாமாதம் கணக்கெடுப்பு என்ற 2021 தேர்தல் வாக்குறுதியும் இந்த மீட்டரோடுதான் கட்டப்பட்டது. ஆனால் மாநிலம் முழுக்க சுமார் 3 கோடி மீட்டர் பொருத்தும் திட்டத்தின் டெண்டர், கேட்கப்பட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களுக்கான தொகுப்பில் குறைந்த விலை கேட்டது அதானி குழும நிறுவனம்; அரசியல் சர்ச்சையும் அதோடு சேர்ந்துகொண்டது.

நேரத்துக்கேற்ற கட்டணம் வந்தால் எல்லோருக்கும் லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர், பகலில் இ-ஸ்கூட்டர் சார்ஜ் போட முடிந்தவர் ஜெயிப்பார். காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வந்து, அதன்பின் சமைத்து, துவைத்து, ஏசி போடும் வேலைக்குப் போகும் குடும்பம்? அவர்களின் எல்லா யூனிட்டும் விலை அதிகமான நேரத்தில்தான் விழும்.

மொட்டை மாடி சோலார்: கணக்கு யாருக்கு உதைக்கிறது?

'பி.எம். சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். பகலில் மிஞ்சும் கரன்ட் இ.பி. லைனுக்குப் போகும், ராத்திரி நீங்கள் எடுப்பதில் அது கழிக்கப்படும். இதுதான் நெட் மீட்டரிங்.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 2 கிலோவாட் பேனல். இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் உற்பத்தி.

* 800 யூனிட் ஓடும் வீடு: பேனல் இல்லாமல் பில் ரூ.4,770. பேனல் போட்டால் கணக்கில் வருவது 320 யூனிட், பில் ரூ.799. மிச்சம் ரூ.3,971.
* 300 யூனிட் ஓடும் வீடு: பேனல் இல்லாமல் பில் ரூ.705. பேனல் போட்டால் பில் பூஜ்ஜியம். மிச்சம் ரூ.705.

நெட்வொர்க் கட்டணம் போன்றவற்றைச் சேர்க்காத கணக்கு இது. ஒரே பேனல், ஒரே வெயில், ஒரே மானியம். அதிகம் செலவழிப்பவருக்குக் கிடைக்கும் லாபம் ஐந்து மடங்குக்கு மேல். கம்மியாகச் செலவழிப்பவருக்குப் போட்ட காசு திரும்ப வரவே நெடுங்காலம் ஆகும்.

மூன்றாவது ஒருவர் இருக்கிறார். அவர்தான் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அதிகம். அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர், அதிலும் வாடகைக்கு இருப்பவர். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அங்கே தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி, பக்கத்துக் கட்டடத்தின் நிழல். பத்து வீட்டுக்காரர்கள் ஒரே மீட்டிங்கில் ஒத்துப்போவது சோலார் டெக்னாலஜியைவிடக் கஷ்டமான விஷயம்.

டெல்லியில் 2019-லேயே இதற்கு ஒரு வழி வந்தது. ஓரிடத்தில் வைத்த பேனலின் உற்பத்தியைப் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கும் 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்' விதிகள். சென்னை அடுக்குமாடிகள் எளிதாகத் தொடங்கக்கூடிய இடம் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது இணைப்பு. குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு அதே மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொது இணைப்பில் 100 யூனிட் இலவசமும் இல்லை. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்து வீடு வரையுள்ள சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 அக்டோபரில் யூனிட் ரூ.5.50 ஆகக் குறைத்தார்கள். லிஃப்ட் உள்ள கட்டடங்களுக்குப் பொது இணைப்பின் விலை அதிகம் என்பதால், அங்கே சோலாரின் லாபமும் அதிகம்.

அப்போ கம்பிக்கு யார் காசு கொடுப்பது?

இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

800 யூனிட் வீடு கொடுக்கும் 9 ரூபாய், 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு பகுதி, 150 யூனிட் ஓட்டும் வீட்டின் சலுகைக்குப் போகிறது. கடைகளும் தொழிற்சாலைகளும் அப்படித்தான். வீடுகளுக்கான நிலைக்கட்டணம் 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் பில் பூஜ்ஜியம் ஆன வீடு, கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஃப்யூஸ் போடவரும் ஊழியர் ஆகியவற்றுக்குக் கிட்டத்தட்ட எதுவும் கொடுக்காமல் போகலாம். ஆனால் அந்த வீடு ராத்திரி முழுக்க அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. சொல்லப்போனால் இரட்டிப்பாகப் பயன்படுத்துகிறது: பகலில் அனுப்ப, இரவில் எடுக்க.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் 'நெட்வொர்க் கட்டணம்' வந்தது. "சொந்தக் காசு போட்டுப் பேனல் வைத்தால் அதற்கும் கட்டணமா?" என்று சிறுதொழில் அமைப்புகள் கொதித்தன. பின்னர் அவர்களுக்கு அரசு பாதியைக் குறைத்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. கலிபோர்னியாவில் இதே சண்டை முற்றி, 2023 ஏப்ரலில் புதிதாகச் சோலார் போடுபவர்கள் லைனுக்கு அனுப்பும் கரன்டுக்கான விலையைக் கடுமையாகக் குறைத்தார்கள். உடனே அங்கே புதிய இணைப்புகள் சரிந்தன. மிச்சம் இருந்தவர்கள் பேட்டரியோடு சேர்த்து வாங்க ஆரம்பித்தார்கள்.

சென்னையில் இன்னும் அந்த நிலை வரவில்லை. மேற்கூரை சோலார் இங்கே இப்போதுதான் பரவுகிறது. ஆனால் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக பில்லைப் பூஜ்ஜியம் ஆக்கிக்கொண்டு போக, பொதுக் கட்டமைப்பின் செலவு வாடகை வீட்டுக்காரர், ஒண்டுக்குடித்தனக்காரர், தெருக்கடைக்காரர் தலையில் நகர்ந்தால் அது நல்ல பசுமை அல்ல. அதற்காக மொட்டை மாடியில் முதலீடு செய்பவரைத் தண்டித்தாலும் எண்ணூரில் சாம்பல் குறையாது.

வெளியே போக வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எல்லாம் மெதுவான வேலை.

முதலாவது, பகல் கரன்டை ராத்திரிக்கு நகர்த்துவது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது. மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி இன்னொன்றின் வேலை நீண்டகாலமாக நடக்கிறது. பெரிய பேட்டரி அமைப்புகளுக்கும் பசுமை மின்கழகம் டெண்டர் விட்டிருக்கிறது. பேட்டரியை துணை மின்நிலையத்திலேயே வைத்தால், ராத்திரி ஏசி நேரத்தில் நகருக்குள் வரும் கேபிள்களுக்கும் பாரம் குறையும்.

இரண்டாவது, தெற்கு மாவட்டக் காற்றையும் வெயிலையும் வடக்கே கொண்டுவரும் பெரிய சாலைகள். விருதுநகர், அரியலூர், வடசென்னை என்று 765 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் திட்டமிடப்பட்டது இதற்காகத்தான். வழி இல்லாவிட்டால், நல்ல சீசனில்கூடக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது, தெருமுனை. டிரான்ஸ்ஃபார்மர் திறன், ரிங் மெயின், கேபிள், ஸ்மார்ட் மீட்டர். திறப்பு விழாவும் ரிப்பனும் கிடைக்காத வேலைகள் இவை. உங்கள் வீட்டு விளக்கு நம்பியிருப்பது இவற்றைத்தான்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை

* 500 கோட்டைக் கவனியுங்கள். கணக்கெடுத்த தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஜாக்கிரதை. சில நாள் ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தாலே 300 ரூபாய் மிஞ்சலாம்.
* ஏசியை 18-லிருந்து 25, 26-க்கு ஏற்றுங்கள். கூடவே ஃபேன் போடுங்கள். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரும் பிழைக்கும்.
* சோலார் போடுமுன் ஒரு வருட பில்களை எடுங்கள். சராசரி 500-க்கு மேல் என்றால் கணக்கு வேலைசெய்யும். 200-க்குள் என்றால் அவசரம் வேண்டாம்.
* 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு வேண்டாம் என்று மத்திய விதிகள் 2024-ல் மாறிவிட்டன. 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் மின்வாரியத்துடையது. யாராவது வேறு சொன்னால் விதியைக் காட்டிக் கேளுங்கள்.
* அபார்ட்மென்ட்டில் முதலில் பொது இணைப்பின் பில்லை மீட்டிங்கில் வையுங்கள். எல்லோருடைய மெயின்டனன்ஸும் அதில்தான் போகிறது என்பதால், ஒத்துப்போவது கொஞ்சம் சுலபம்.
* அடிக்கடி லோ வோல்டேஜ் என்றால் புகாரைப் பதிவு செய்யுங்கள். மின்னகம் எண் 94987 94987. தனித்தனியாகப் புலம்புவதைவிட, ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள பல வீடுகளின் புகார் எண்கள் சேர்ந்தால் திறனை உயர்த்தச் சொல்லி வலுவாகக் கேட்கலாம்.
* கட்டண உயர்வுக்கு முன் கருத்துக்கேட்பு நடக்கிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது அங்கே அதிகம் போவது தொழில் அமைப்புகள். வீட்டு நுகர்வோரின் குரல், அதிலும் வாடகைதாரரின் குரல், அங்கே குறைவாகத்தான் கேட்கிறது.

வரும் வருடங்களில் சென்னை வெயில் குறையப்போவதில்லை, ஏசிகளும் குறையப்போவதில்லை. அந்த ராத்திரிகளுக்கான கரன்ட் சூரியனிலிருந்து வருமா, எண்ணூர்ப் புகைபோக்கியிலிருந்து வருமா என்பது கமுதியில் எத்தனை பேனல் வைக்கிறோம் என்பதோடு முடியாது. அந்தக் கரன்டைச் சேமித்து உங்கள் தெரு பில்லர் பாக்ஸ் வரை கொண்டுவரும் செலவை, மொட்டை மாடி உள்ளவரும் இல்லாதவரும் எப்படிப் பிரித்துக்கொள்ளப் போகிறோம் என்று முடிவெடுக்க வேண்டும். அடுத்த கட்டண உத்தரவில் பார்க்க வேண்டியது எத்தனை பைசா உயர்வு என்பதை மட்டும் அல்ல. அது யார் பில்லில் ஏறுகிறது என்பதையும்தான்.